பின்னால் யாரையும் ஏற்றவில்லை

என் கையெழுத்து நன்றாக இருக்காது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவதற்குத் தவிர பேனாவை அதிகம் தொட்டதில்லை. பெரிய ற எங்கே வரும், சின்ன ர எங்கே வரும் என்பது இன்றைக்கும் குழப்பம்தான். கோடு போட்ட நோட்டில் எழுதினாலும் வரி மேலே ஏறிக்கொண்டே போகிறது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை வந்துவிடக் கூடாது என்றுதான் மெதுவாக எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஃப்யூஸ் பெட்டியிலும் மின்கம்பத்திலும் மாட்டுகிற வெள்ளைச் சாமான்கள் செய்கிற இடம். சூளையிலிருந்து இறங்கி ஆறியதும் சாமான் என் கைக்கு வரும். ஒவ்வொன்றாக எடுத்து ஒரு சின்ன மரக்கட்டையால் தட்டிப் பார்ப்பது என் வேலை. நல்ல சாமான் ணங்கென்று சத்தம் கொடுக்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் அமுங்கிப்போகும். சந்தேகமாக இருந்தால் சிவப்பு மையைப் பஞ்சில் தொட்டுத் தடவி, துணியால் துடைத்துவிடுவோம். துடைத்த பிறகும் முடி போல ஒரு சிவப்புக் கோடு நின்றால் அது உடைசல் குவியலுக்குப் போகும். நிற்காவிட்டால் பெட்டிக்குப் போகும். பல வருடமாக இதைத்தான் செய்கிறேன். நாள் முழுக்க யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்த வேலை. மனிதர்களுக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. மளிகைக் கடையில்கூட என் மனைவிதான் முன்னால் நின்று வாங்குவாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன்.

அவளுக்குச் சர்க்கரை இருந்தது. வலது காலில் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம் வந்து, உடைந்து, புண்ணாகி, ஆறாமல் நின்றுவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். புண் ஆறும் வரை அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊன்றாமல் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று அவள் டாக்டரிடமே கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் வெளியே நிறுத்தியிருந்த சைக்கிளைக் காட்டினேன்.

எங்கள் வீடு பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிறது. ஷேர் ஆட்டோ ஓடுகிற ரோட்டுக்கே நல்ல தூரம் நடக்க வேண்டும். மோட்டார் வண்டி ஓட்ட எனக்குப் பயம், கற்றுக்கொள்ளவில்லை. சைக்கிள் அப்போது புதுசு. மூன்று வருடத்துக்கு முந்தின ஆடித் தள்ளுபடியில் வாங்கினது. ஃபிரேமுக்கு மூன்று வருடம் கேரண்டி என்று அட்டை கொடுத்திருந்தார்கள். இந்தக் காலத்து மாடல், பின்னால் கேரியர் கிடையாது. சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டதும் ஒரு இரும்புக் கேரியரைத் தனியாகப் பொருத்தி, ரெக்சின் மெத்தை ஒன்றும் வைத்துக் கொடுத்தார். சைக்கிள் கம்பெனிக்காரன் பார்த்தால் திட்டுவான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு அது எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

அவள் ஒருக்களித்து உட்காருவாள். கட்டுப் போட்ட காலை வெளிப்பக்கம் நீட்டிக்கொள்வாள். ஒரு கையால் என் சட்டையின் ஓரத்தைப் பிடித்திருப்பாள். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவளோடு அதிகம் பேசியது அந்தச் சைக்கிளில்தான். வீட்டில் எதிரே உட்கார்ந்தால் எனக்கு வார்த்தை வராது. வண்டியில் நான் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பேன், அவள் முகம் தெரியாது. முகம் பார்க்காமல் பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது. கம்பெனியில் நடந்தது, திட்டக்குடியில் கட்டிக்கொடுத்த எங்கள் மகளைப் பற்றி, வழியில் தாண்டுகிற பாலத்தின் அடியில் தண்ணீர் வந்திருக்கிறதா இல்லையா என்பது, எல்லாம் பேசுவேன். அவள் பின்னாலிருந்து கிண்டல் செய்துகொண்டே வருவாள். ஒரு தடவை, “வூட்ல ஊமை, ரோட்ல ரேடியோ” என்றாள். எதிரில் வந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் சிரித்துவிட்டேன்.

போன வருடம் மாசி மாதம் ஒரு காலையில், மணிமுத்தாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது வண்டியில் ஒரு சத்தம் கேட்டது. வேறு யார் காதிலும் விழுந்திருக்காது. பெடலை மிதிக்கும்போதெல்லாம் அடியில் எங்கோ டக் என்று அமுங்கின சத்தம். நான் இறங்கி, அவளை மேலே வைத்தபடியே தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அவள் உள்ளே கட்டு மாற்றுகிற நேரத்தில், வண்டியைச் சாய்த்து, சீட்டுக்கு அடியில் வைத்திருந்த ஸ்பேனரால் ஃபிரேம் முழுக்கத் தட்டிப் பார்த்தேன். மேல் குழாய் நன்றாகப் பேசியது. முன் குழாயும் அப்படித்தான். சீட்டிலிருந்து பெடல் அச்சுக்கு இறங்குகிற குழாயில் மட்டும், கீழே வெல்டிங் பக்கம் வரவர சத்தம் செத்துப்போனது. சேற்றைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பெயிண்டில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது.

அவள் வெளியே வந்ததும் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, “எனக்குத்தான் காலு போச்சுன்னா இதுக்குமா?” என்றாள்.

சைக்கிள் கடை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது. கடைக்காரர் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். வெல்டிங் வைத்தால் சாயங்காலமே ஓட்டலாம். ஆனால் வெல்டிங் பட்ட ஃபிரேமுக்குக் கேரண்டி கிடையாது. கேரண்டியில் கேட்டால் கம்பெனி புது ஃபிரேம் கொடுக்கும், ஆனால் கொஞ்ச நாள் ஆகும்.

வெல்டிங் வைத்துவிடலாம் என்று அவள் உடனே சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் வேலையில் விரிசல் என்பது செய்கிற இடத்திலேயே வருவது. மண் சரியாகக் காயாமல் சூளைக்குப் போனால் விரியும், சூடு சட்டென்று ஏறினால் விரியும். வாங்கினவன் மேல் தப்பே இருக்காது. விரிந்த சாமான் ஒன்று என் கைக்குத் தப்பி வெளியே போய்த் திரும்பி வந்தால், முதலாளி ஒரு வார்த்தை பேசாமல் வேறு கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார். இரும்பும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். எங்கேயோ ஒரு கம்பெனியில் என்னைப் போல் தட்டிப் பார்க்கிறவன் ஒருவன் கவனிக்காமல் விட்டிருக்கிறான், அதைச் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள் என்று நம்பினேன். அவளை ஏற்றிக்கொண்டு போனதால் விரிந்திருக்கும் என்பது அப்போது என் புத்தியில் தோன்றவே இல்லை.

கடைக்காரர் தன் ஃபோனில் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினார். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. படத்தில் விரிசல் தெளிவாகத் தெரியவில்லை, மறுபடியும் அனுப்புங்கள் என்று. அதைக் கேட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அன்று மாலை வேலை முடிந்து வரும்போது சின்ன பாட்டிலில் கொஞ்சம் சிவப்பு மை எடுத்துக்கொண்டு, வண்டியைத் தள்ளியபடி கடைக்குப் போனேன். விரிசல் மேல் தடவி, ஊற விட்டு, துணியால் துடைத்தேன். கோடு அவ்வளவு அழகாக நின்றது. எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். கடைக்காரர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “என்னாண்ணே, சாமிக்குக் குங்குமம் வச்ச மாதிரி வச்சிட்டே” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் பேச வேண்டாம், அதுவே பேசிக்கொள்ளும் என்று நினைத்தேன்.

கம்பெனியிலிருந்து வந்த பதில் வேறு மாதிரி இருந்தது. படத்தில் இருப்பது விரிசலா, பேனாவால் போட்ட கோடா என்று சந்தேகமாக இருக்கிறது, ஆள் அனுப்பி நேரில் பார்ப்போம் என்று எழுதியிருந்தார்கள்.

மை வைக்காமல் இன்னொரு படம் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பியிருந்தால், அந்த ஆளே வந்திருக்க மாட்டார் என்று கடைக்காரர் பிற்பாடு சொன்னார். படத்தை வைத்தே ஃபிரேம் அனுப்பிவிடுவார்களாம். ஆள் வந்தால்தான் கேள்வி, எழுத்து எல்லாமாம்.

அந்த ஆள் வந்தது பங்குனியில். கட்டு மாற்றுகிற நாள். வண்டியை ஓட்ட முடியாது என்பதால், அதுவரைக்கும் அவளைக் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டுதான் போய் வந்தேன். அன்றைக்கும் அப்படித்தான் கடை வரைக்கும் போனோம். கடைக்காரர் பதறிப்போய் எழுந்து வந்தார். வருகிறவர் பாண்டிச்சேரியிலிருந்து கிளம்பிவிட்டாராம். கேரியர் இருப்பதைப் பார்த்தால் ஒத்துக்கொள்ள மாட்டார், ஆளை ஏற்றினால் கேரண்டி கிடையாது என்று அட்டையிலேயே இருக்கிறதாம். அதை மாட்டிக் கொடுத்தவர் என்று தனக்கும் கெட்ட பெயர் என்றார். அவசரமாகக் கேரியரைக் கழற்றிக் கடைக்குள் டயர்களுக்குப் பின்னால் போட்டார். அட்டையை நான் படித்துப் பார்த்ததில்லை. அதில் எழுத்து அவ்வளவு பொடி.

வந்தவர் சின்ன வயது. தோளில் பை, சட்டையெல்லாம் வேர்வை. மரியாதையாகப் பேசினார். என் மையைத் துணியால் துடைத்தெடுத்து, விரிசலை நகத்தால் வருடிப் பார்த்து, இது உண்மையான விரிசல்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அப்போதே எனக்குப் பாதி உயிர் வந்தது. பிறகு பின்சக்கரத்துப் பக்கம் குனிந்தார். கேரியர் பிடித்திருந்த இடத்தில் பெயிண்ட் தேய்ந்திருந்தது.

இங்கே என்ன மாட்டியிருந்தீர்கள் என்று கேட்டார். சாப்பாட்டுத் தூக்கு வைக்க ஒரு சின்னக் கம்பி என்று கடைக்காரர் சொன்னார். வந்தவர் என் பக்கம் திரும்பினார்.

“ஆள் யாரையாவது ஏத்தறது உண்டுங்களா ஐயா?”

என் மனைவி என்னிடமிருந்து ஒரு கை தூரத்தில், கடையின் ஸ்டூலில், வெள்ளைக் கட்டுப் போட்ட காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு, “ஏத்தறது இல்லீங்க” என்றேன்.

அவர் அவளுடைய காலைப் பார்த்தார். “அம்மா எப்படி வந்தாங்க?”

கடைக்காரர் ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அவள்தான் பதில் சொன்னாள்.

“நடந்துதாங்க வந்தேன்.”

அவர் நம்பிவிட்டார். முகம்கூட மாறிவிட்டது அவருக்கு. தன் அம்மாவுக்கும் சர்க்கரைதான், இந்தக் காலோடு இவ்வளவு தூரம் நடக்காதீர்கள் என்று அவளிடம் சொன்னார். அவள் சரி என்று தலையாட்டினாள். அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தாது.

பிறகு ஒரு தாளைக் கொடுத்து, என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இந்த சைக்கிளை நான் ஒருவன் மட்டும் ஓட்டினேன். அதிகச் சுமை ஏற்றவில்லை. பின்னால் யாரையும் ஏற்றவில்லை. மூன்று வரி எழுத வெகுநேரம் ஆனது. கடைக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

வந்தவர் பஸ் ஏறப் போனதும் கடைக்காரர் கேரியரை எடுத்து வந்து மறுபடி பொருத்தினார். ஆஸ்பத்திரிக்குப் போக இன்னும் பாதி வழி இருந்தது. நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து, ஏறாமல், ஒரு கையை ஹேண்டில் மேல் வைத்துக்கொண்டு கூடவே நடந்தாள். அந்த ஆள் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் பார்த்துவிடுவாரோ என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். நானும் அன்றைக்குப் பயந்துதான் இருந்தேன். அதனால் ஏறச் சொல்லவில்லை.

அடுத்த தடவை அவள் ஷேர் ஆட்டோவில் போய்க்கொள்வதாகச் சொன்னாள். தள்ளிக்கொண்டு வருவதும் எனக்குச் சிரமம், புது ஃபிரேம் வரட்டும் என்றாள். அதுவும் சரிதான் என்று பட்டது.

சித்திரையில் ஃபிரேம் வந்தது. நீல நிறம். கடைக்காரர் எல்லாவற்றையும் மாற்றிப் பொருத்திக் கொடுத்தார். நான் தட்டிப் பார்த்தேன், நன்றாகப் பேசியது. கேரியரையும் மெத்தையையும் சாக்கில் சுற்றிக் கையில் கொடுத்து, கொஞ்ச நாள் போகட்டும் என்றார். நான் வீட்டுக்கு வந்து அன்றைக்கே நானே மாட்டிவிட்டேன். மறுநாள் கட்டு மாற்றுகிற நாள். வாசலில் வண்டியை நிறுத்தி அவளைக் கூப்பிட்டேன்.

வந்து பார்த்தாள். மெத்தையைக் கையால் ஒரு தடவை தடவினாள். பிறகு சொன்னாள். “வேணாங்க. நான் போயிக்கறேன்.”

ஏன் என்று கேட்டேன்.

“நடந்து வந்தேன்னு அந்தப் புள்ளைகிட்ட சொல்லிட்டேன். நீங்க எழுதியே குடுத்துட்டீங்க.”

“அவரு பாண்டிச்சேரில இருக்காரு.”

“நாம இங்கதான இருக்கறோம்.”

கடை வழியாகப் போக வேண்டாம், ரயில்வே கேட்டைச் சுற்றிப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். யார் கண்ணிலும் பட மாட்டோம் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பொய் சொன்னதைக்கூட அவள் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொய் சொல்லி வாங்கின பொருளில் ஒளிந்து ஒளிந்து உட்கார்ந்து போவதுதான் அவளுக்கு ஒப்பவில்லை என்று இப்போது நினைக்கிறேன். வாங்கிவிட்டோம், இனி சொன்னபடி இருப்போம் என்பதுதான் அவள் கணக்கு. கடன் வாங்கினால் திருப்பித் தருவது போல அவளுக்கு அது. ஆனால் இதை அவள் வாயால் சொல்லவில்லை. நானாக நினைப்பது.

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். தூக்கி உட்கார வைத்திருக்க வேண்டும். வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் கத்தியிருப்பான். எனக்கு அது வரவில்லை. ஆட்டோவில்தானே போகிறாள், கால் ஊன்றுவது கொஞ்சம்தானே என்று இருந்துவிட்டேன். வேலைக்குப் போகும்போது ஆட்டோவுக்குக் காசு வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து கேட்டால், போயிட்டு வந்தேன் என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ரேடியோ நின்றுவிட்டது.

ஆடி கடைசியில் ஒரு நாள், கம்பெனியில் கரண்ட் இல்லாததால் பாதி நாளில் அனுப்பிவிட்டார்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் பிரிக்கிற நர்சம்மா என்னைப் பார்த்ததும், “இவங்க உங்க கம்பெனிலதான் வேலை செய்யறாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் பிரித்த கட்டை எடுத்துக் காட்டினார். அடிப்பக்கம் முழுக்க வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. எங்கள் தொழிற்பேட்டை ரோட்டில் லாரியிலிருந்து கொட்டிக் கிடக்கிற பீங்கான் மண். வருகிற தடவையெல்லாம் இப்படித்தான் இருக்கிறது, நடந்து வராதீர்கள் என்றால் கேட்பதில்லை என்றார்.

வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் கூட்டி வந்தேன். எத்தனை நாளாக நடக்கிறாய் என்று கேட்டதற்கு, ஆட்டோவில் ஆட்களை அடைக்கிறார்கள், காலை மிதித்துவிடுகிறார்கள் என்றாள். ரோட்டு வரைக்கும் நடந்தவள் இன்னும் கொஞ்சம் நடந்தால் என்ன என்றாள். அதுவும் உண்மையாக இருக்கலாம். நடந்துதாங்க வந்தேன் என்று சொன்ன சொல்லுக்காகத்தான் நடந்தாளா, அடைத்துக்கொண்டு போகிற ஆட்டோவுக்குப் பயந்து நடந்தாளா, எனக்குத் தெரியாது. நான் மறுபடி கேட்கவில்லை. பதில் எதுவாக இருக்குமோ என்று பயம்.

ஆவணியில் கட்டைவிரலை எடுத்தார்கள். ஐப்பசியில் கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மகள் வந்து கூட இருந்தாள். நடந்ததாலா டாக்டர் என்று ஒரு தடவை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். சர்க்கரை இப்படி இருந்தால் எப்படியும் வந்திருக்கும், நடந்ததும் சேர்ந்துகொண்டது, இனிமேல் அதை யோசிக்காதீர்கள் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

மார்கழியில் ஒரு மத்தியானம், கட்டிலில் படுத்தபடி வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

“அந்த கேரண்டி எது வரைக்கும் இருக்குது?”

புது ஃபிரேமுக்கும் பழைய தேதிதான், வருகிற ஆடியோடு முடிகிறது என்றேன்.

“முடிஞ்சிட்டா அந்த எழுத்து செல்லாது இல்ல?”

செல்லாது என்றேன். எனக்கு அது தெரியாது. இருந்தாலும் சொன்னேன்.

“அப்ப ஆடி கழிச்சு ஏறிக்கறேன். ஒரு காலு கொறைஞ்சிருக்குது, உங்களுக்கும் பாரம் கம்மி” என்றாள். சிரித்தாள். நான் எழுந்து வாசலுக்குப் போய், சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுவது போலக் குனிந்துகொண்டேன்.

தை பிறந்து பத்து நாளில் காய்ச்சல் வந்து போய்விட்டாள்.

இந்த வருடம் ஆடி வந்தது, முடிந்தது. கேரண்டி முடிந்த நாள் எனக்கு நினைவிருந்தது. அன்றைக்கும் வேலைக்குப் போனேன், தட்டினேன், வந்தேன். எதுவும் செய்யவில்லை. செய்ய என்ன இருக்கிறது.

போன வாரம் கம்பெனியில் சாமான் அடுக்கின பலகையைத் தூக்குகிற ஒரு அம்மா கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். ஷிஃப்ட் முடிகிற நேரம். மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, உன் வண்டியில்தான் மெத்தை போட்ட கேரியர் இருக்கிறதே, பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் போ என்றார். அந்த அம்மா நொண்டிக்கொண்டே வந்து கேரியர் மேல் கை வைத்தார். நான் யோசிக்கவே இல்லை. “இதுல யாரையும் ஏத்தறது இல்லீங்க” என்று என் வாய் சொல்லிவிட்டது. கடையில் அந்த ஆளிடம் சொன்ன அதே குரல். அந்த அம்மா கையை எடுத்துக்கொண்டார். சாதி பார்க்கிறேன் என்று நினைத்தாரோ, கர்வம் என்று நினைத்தாரோ. மேஸ்திரி ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டார். அந்த அம்மா அவருடைய மோட்டார் வண்டியில் ஏறிப் போகும் வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். மறுநாள் போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். காரணம் கேட்டார். சொல்ல வரவில்லை.

அன்றைக்குத்தான் இந்த நோட்டு வாங்கினேன். சைக்கிள் கம்பெனிக்கு ஒரு கடுதாசி எழுதிவிடலாம் என்று முதலில் சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டேன். அவர் வெகுநேரம் பஞ்சர் ஒட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, “யாருண்ணே அதைப் படிக்கப் போறாங்க?” என்றார். கோபத்தில் சொல்லவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அவர். அவருக்கும் உறுத்தல் இருக்கும். அவரைச் சிக்கலில் விட வேண்டாம் என்று கடுதாசியை விட்டுவிட்டேன். ஆனால் நான் எழுதிக் கொடுத்த தாள் எங்கேயோ ஒரு பெட்டியில் இருக்கும். என் கையால் அவளைப் பற்றி எழுதின ஒரே தாள் அதுதான். அதில் அவள் இல்லை என்று எழுதியிருக்கிறேன். இன்னொரு தாளில் சரியாக எழுதி வைக்காமல் இருக்க முடியவில்லை.

அதனால் எழுதுகிறேன். இந்த சைக்கிளை ஓட்டியது நான். பின்னால் என் மனைவி உட்கார்ந்து வந்தாள். கால் புண்ணானதிலிருந்து ஃபிரேம் விரிந்த நாள் வரைக்கும், ஒரு நாள் விட்டு ஒரு நாள், போகும்போதும் வரும்போதும். விரிந்த பிறகும் சில நாள் வைத்துத் தள்ளினேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சுமையாக இல்லை.

ஆவணி மாதம் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை.